லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி

படம்பிடிக்கிற தொழிலில் உங்களைக் கெடுக்க வேறு ஆள் தேவையில்லை. லென்ஸின் முன்னால் நீங்களே திருகி மாட்டுகிற ஒரு வட்டக் கண்ணாடி போதும். திருகோணமலையில் துறைமுகத்துக்குக் கிட்ட ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காத இடம். லென்ஸ் பழுதாகக் கூடாதென்று மலிவான ஃபில்டர் ஒன்றை மாட்டி, ஆறு வருசம் கழற்றாமலே வேலை செய்தேன். கமராவோடு மாரடிக்கிற நீங்களாவது சிரிக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

பச்சைப் புள்ளி

நகரத்தில் ஒரு கலியாணம். மணவறையில் வரிசையாகக் குத்துவிளக்குகள், எதிரே வீடியோக்காரரின் பெரிய லைட். வெளிச்சம் ஃபில்டரில் பட்டுத் தெறித்து, படத்தில் பச்சைப் புள்ளிகளாக விழுந்திருந்தது. கமராவின் சின்னத் திரையில் அது தெரியவில்லை. தாலி கட்டுகிற படத்தில் ஒரு புள்ளி, சரியாக மணப்பெண்ணின் கன்னத்தில். கணினியில் அதைத் துடைக்கத் துடைக்கக் கன்னமும் சேர்ந்து அழிந்தது. இன்னொரு தரம் தாலி கட்டச் சொல்லவா முடியும்?

பெண்ணின் அப்பா, ஓய்வுபெற்ற தபாலதிபர், அல்பத்தை முகத்துக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது.

"தம்பி, என்ர பிள்ளைக்கு நாங்கள் பச்சை குத்தேல்லையே?"

கிண்ணியாவில் புயல்

கிண்ணியாப் பாலத்தடியில் ஒரு புதுத் தம்பதி. மாப்பிள்ளை அடுத்த நாள் கட்டாருக்குப் போகிறார். வானம் நல்ல நீலமாக வரட்டும் என்று போலரைசர் என்கிற இன்னொரு ஃபில்டரை மாட்டினேன். அகல லென்ஸில் அதைப் போட்டால் வானம் ஒரேமாதிரி வராது, நடுவில் கருநீலத் திட்டு விழும். தெரிந்த விசயம்தான், அவசரத்தில் மறந்துபோனேன். பழைய ஃபில்டரின் மேலேயே மாட்டியதால் நாலு மூலையும் வேறு கறுத்துவிட்டது.

மாப்பிள்ளை விமானம் ஏறிய பிறகுதான் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தப் பெண்பிள்ளை உம்மாவோடு வந்து, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தது.

"நல்ல வெயிலுதானே அண்டைக்கு? இது புயல் வரப்போற மாதிரி இரிக்கி. இத அனுப்பினா அவரு பயந்திருவாரு, அண்ணன்."

வெறும் வளையம்

படகுத்துறை ஜெட்டியில் ஒருநாள் கமரா கைதவறி விழுந்தது. ஃபில்டரின் கண்ணாடி தூள். வளையம் மட்டும் உப்பில் இறுகிப்போய்க் கழலவில்லை. என்னோடு கலியாணங்களுக்கு வருகிற வீடியோக்காரர் நசீர், துண்டுகளைத் தட்டிவிட்டு, வெறும் வளையத்தோடு ஒரு படம் எடுத்துக் காட்டினார். தூரத்தில் கட்டியிருந்த வள்ளத்தின் கயிற்று முறுக்குக்கூடத் தெரிந்தது. எத்தனை பேரின் கலியாணம், எத்தனை முகம்.

"லென்ஸ்ல பிழையில்ல மச்சான். ஆறு வருசமா நீ ஊத்தக் கண்ணாடியாலதான் ஊரப் பாத்திருக்காய்."

சல்லியிலிருந்து வந்தவர்

சில மாதம் கழித்து சல்லி என்கிற மீனவக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். புருசன் கடலுக்குப் போனவர். வள்ளம் மட்டும்தான் கரைக்கு வந்தது. போனும் அடையாள அட்டையும் அவரோடு போய்விட்டன. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு ஒரு படம் வேண்டும். இரண்டு வருசத்துக்கு முன் அம்மன் கோயில் திருவிழாவில் நான் அவரை எடுத்தது அம்மாவுக்கு நினைவிருந்தது.

தேடி எடுத்தேன். காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க, கடற்கரையில் நின்று சிரிக்கிறார். ஃபில்டரில் படிந்திருந்த உப்பில் வெயில் பட்டு, முகமெல்லாம் பனிமூட்டம்போல வெள்ளைப் புகார். இரண்டு நாள் கணினியில் பாடுபட்டேன். கறுப்பைக் கூட்டினால் வேறு ஆளாகிறார். விட்டால் முகமே இல்லை. கடைசியில் எடுத்தபடியே அச்சடித்துச் சட்டம் போட்டேன். கொடுக்கும்போது, முகம் தெளிவில்லாததற்கு மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா, படத்தை மடியில் வைத்துப் பார்த்தார்.

"பரவாயில்ல தம்பி. கரையில நிண்டு பாக்கேக்க அவர் எனக்கு எப்பவும் இப்பிடித்தான் தெரிவார்."

மற்றத் தொழில்களில் விட்ட பிழையை மறைத்துவிடலாம். எங்கள் தொழிலில்தான் அதற்குச் சட்டம் போட்டு, சுவரில் மாட்டச் சொல்லிக் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது.