டீச்சரம்மாவின் பெரணிப் பாத்தி

எங்கள் அப்பார்ட்மெண்டில் ஏசி தண்ணீர் சொட்டும் சுவரில் ஒரு பெரணி முளைத்திருக்கிறது. சுரண்டி எடுக்கச் சொல்லி வாட்ஸப்பில் ஒரே ரகளை. நான் போய் மோந்து பார்த்தேன். ஈரச் செங்கல் வாசனை. கிணற்று மோட்டார் மெக்கானிக்காக அலைந்த காலத்தில் நாளெல்லாம் அந்த வாசனைக்குள்தான் கிடப்பேன். படிப்பு ஏழாவதோடு சரி. ஆனால் மேற்குத் தாம்பரத்தில் நான் இறங்காத கிணறு கிடையாது, தெரிந்துகொள்ளுங்கள்.

தொழில் தொடங்கிய புதுசில் ஒரு டீச்சரம்மா, பலாமர நிழலில் பாத்தி கட்டிப் பெரணி வளர்த்தார். பூக்காது, காய்க்காது. அதற்குப் போய் அத்தனை சீராட்டு! மகள் பிரசவத்துக்குத் திருச்சி கிளம்பும்போது, "பத்து நாள் தண்ணி ஊத்து தம்பி. செடி நல்லா இருந்தா தெரு மோட்டார் வேலையெல்லாம் உனக்கே சொல்றேன்" என்றார். தெருவில் இன்னும் பத்து வீடு. எனக்குத் தூக்கமே வரவில்லை.

மூன்றாம் நாள் ஓர் இலையைத் திருப்பினேன். அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். பூச்சி முட்டை! யாரைக் கேட்பது, எனக்குத் தெரியாததா? புள்ளி இருந்த இலையெல்லாம் நறுக்கினேன். எல்லா இலையிலும் இருந்தது. பாத்தி மொட்டை.

ஒன்பதாம் நாள்தான் மூளை வேலை செய்தது. கிணற்றுச் சுவரெல்லாம் பெரணி தொங்குகிறதே! டீச்சரம்மா கிணற்றில் கைவைத்தால் கண்டுபிடித்துவிடுவார். கயிற்றோடு மற்ற பத்து வீட்டுக்கும் போனேன்.

"இன்னாப்பா, நாங்க கூப்பிடவே இல்லியே?"

"சும்மா ஃபுட்வால்வ பாத்துட்டு போறேன்க்கா. காசு வேணாம்."

இறங்கினேன், குழாயின் அடியிலிருந்த வால்வைத் துடைத்தேன், இரண்டு கொத்தைப் பிடுங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஏறினேன்.

"கெணத்துக்குள்ள இன்னா துன்ன? தொப்ப வெச்சிகினு வர்ற!"

பிடுங்கியதையெல்லாம் பாத்தியில் நட்டேன். மறுநாள் டீச்சரம்மா வந்தார், குனிந்தார். "என் செடி எங்க?"

"இதாம்மா."

"என்னுது இலை நீளம்." இலையைத் திருப்பினார். "இந்தப் புள்ளியப் பாத்துதானே வெட்டின? இதாம்பா அதுக்கு விதை மாதிரி."

வேலை போச்சு என்று நின்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூப்பிடாமலே வந்து வால்வு பாத்துச்சாம் நல்ல புள்ள. தெருவே சொல்லுது. நான் வேற சொல்லணுமா?"

பத்து வீடும் எனக்கே. அதிலிருந்து போர்வெல் வண்டி, ஒன்று மூன்றாயிற்று. முடிச்சூர் முதல் பள்ளிக்கரணை வரை துளை போட்டவன் நான். கிணறு வேண்டாம் என்றவர்களுக்கு மண் கொட்டித் தூர்த்தும் கொடுத்தேன். அந்தப் பத்துக் கிணறும் என் லாரி மண்ணில்தான் மூடின. டீச்சரம்மா மட்டும் தன் கிணற்றை மூடக் கடைசிவரை விடவில்லை. அவர் போனபின் மகள் என்னைத்தான் கூப்பிட்டாள். எட்டிப் பார்த்தேன். அடிவரை பெரணி, ஒரு செங்கல்கூடத் தெரியவில்லை.

"மண்ணக் கொட்டிடலாமா சார்?" என்றார் லாரி டிரைவர்.

கொட்டச் சொன்னதும் நான்தான்.