ஒரே கோபுரத்தில் இரண்டு வானொலிகள்

பழுப்புத் தாளால் உறை போட்ட ஒரு சீஆர் கொப்பி, தடித்த மட்டைப் பதிவேடு. இடப் பக்கத்தின் தலையில் ‘பெரியது’ என்றும் வலப் பக்கத்தில் ‘சின்னது’ என்றும் எழுதியிருக்கும். பெரியது, ஒலிபரப்புக் கோபுரத்தின் சொந்தக்கார வானொலி. சின்னது நாங்கள். கோபுரம் வைத்திருப்பவர் போட்டியாளருக்கும் அதில் இடம் கொடுக்க வேண்டும், மின்சாரத்தையும் பராமரிப்பையும் தனக்குப் போலவே அவருக்கும் வழங்க வேண்டும் என்பது ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு விதித்திருந்த நிபந்தனை. அதனால் எங்கள் ஒலிபரப்பி அவர்களுடைய அறையில், அவர்களிடம் சம்பளம் வாங்கும் கோபுரப் பொறுப்பாளரின் கண்காணிப்பில் இருந்தது. அவரை நான் அண்ணை என்றே கூப்பிடுவேன். எந்த ஒலிபரப்பி எவ்வளவு வலுவில் ஓடுகிறது, எப்போது நின்றது, ஏன் நின்றது என்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதி வைப்பார்.

அப்போது நான் சின்ன வானொலியின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கொப்பியைப் பார்த்துக் குறிப்பெடுக்கப் போவேன். பனங்கட்டியும் பிளேன்டீயும் தருவார், கூடவே எங்கள் அறிவிப்பாளரைப் பற்றி ஒரு விமர்சனமும். “தங்கச்சி, உங்கடை ஆள் செத்தவரின்ரை பேரை விழுங்கிப்போட்டு, கனடா மருமகனின்ரை பேரைத்தான் வடிவா வாசிக்கிறார்.” எங்கள் இரு வானொலிகளின் போட்டி பாட்டில் இல்லை, மரண அறிவித்தலில்தான் இருந்தது. பண்டத்தரிப்பில் ஒருவர் காலமானால் கோப்பாயிலுள்ள சொந்தக்காரர்கள் எந்த வானொலியைக் கேட்கிறார்களோ, அங்கேதான் அறிவித்தல் வரும்.

டீசல் தட்டுப்பாடும் மின்வெட்டும் சேர்ந்து வந்த மாதங்களில் இந்தப் போட்டி அசிங்கமானது. இரண்டு வானொலிக்கும் ஒரே மின்பிறப்பாக்கி. காலை அறிவித்தல் நேரத்தில் எங்களை நிறுத்தச் சொல்லிப் பெரியதன் முகாமையாளர் தொலைபேசியில் சொல்வாராம். “கடிதத்திலை தாங்கோ சேர், நிப்பாட்டுறன்” என்பது அண்ணையின் பதில். கடிதம் வரவில்லை. முகாமையாளரே வந்து எங்கள் ஒலிபரப்பியின் ஆளியை அணைத்துவிட்டுப் போகத் தொடங்கினார். அதையும் அண்ணை வலப் பக்கத்தில் எழுதினார், ஆளின் பேரில்லாமல்: ‘பெரியது ஓடுது, சின்னது கையால் நிப்பாட்டினது.’

அந்த ஆண்டு நல்லூர் முருகன் கோயில் தேருக்கு முதல் நாள் அவரிடம் ஒன்று கேட்டேன். “நாளைக்குத் தேர் ஒலிபரப்புக்கு மட்டும் எங்கடை வலுவைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோவன்.” சிரித்தார். “கூட்டினால் பக்கத்து அலைவரிசைக்குள்ளை போய் விழும். பிறகு உங்கடை முருகனும் அவையின்ரை முருகனும் ஒண்டாக் கதைப்பினம். ஏலாது தங்கச்சி.” ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் விடிய எங்கள் தொழில்நுட்பவியலாளரை அனுப்பி வலுவைக் கூட்டச் செய்தேன்.

சில மாதங்களின் பின் எங்கள் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. நாங்கள் ஒழுங்காக ஒலிபரப்பவில்லை, அடிக்கடி நின்றுபோகிறோம் என்று பெரிய வானொலி ஆட்சேபித்தது. புதுப்பிக்காவிட்டால் எங்கள் வானொலி மூடப்படும். எங்களுக்கிருந்த ஒரே சாட்சி அந்தக் கொப்பி. விசாரணைக்கு அண்ணையைக் கூப்பிடும்படி கேட்டது நான்தான். அவர் எங்கள் பக்கத்து ஆள் என்று நினைத்திருந்தேன்.

மாவட்டச் செயலகமான கச்சேரியின் மண்டபத்தில், கொழும்பிலிருந்து வந்த விசாரணை அதிகாரியின் முன்னால், கொப்பியை ஒரு சொப்பிங் பையிலிருந்து எடுத்தார். எங்கள் ஒலிபரப்பி கையால் அணைக்கப்பட்ட ஒவ்வொரு நாளையும் வாசித்தார். எனக்கு மனம் குளிர்ந்தது. பிறகு விரலை எச்சிலில் தொட்டு ஒரு பக்கத்தைப் புரட்டினார். “தேரண்டு காலமை ஆறு முப்பத்தைஞ்சு. சின்னது அனுமதிச்ச வலுவுக்கு மேலை. ஏழு பத்துக்கு நான் குறைச்சனான்.” கூட்டச் சொன்னது யார் என்று அதிகாரி கேட்டார். “நான் மெசினை எழுதுறனான் ஐயா, ஆக்களை எழுதுறேல்லை.” எங்கள் தொழில்நுட்பவியலாளர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

ஆனால் வேண்டியவர், வேண்டாதவர் இருவரின் பிழையையும் எழுதிய கொப்பியைத் தான் நம்புவதாக அதிகாரி சொன்னார். எங்கள் அனுமதிப்பத்திரம் தப்பியது. மின்பிறப்பாக்கி நேரம் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. வலுவைக் கூட்டியதற்கான எச்சரிக்கைக் கடிதம் தொழில்நுட்பவியலாளரின் பேரில் வந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த மாதமே அண்ணையைக் கோபுரத்திலிருந்து களஞ்சியத்துக்கு மாற்றினார்கள்.

இப்போது மரண அறிவித்தல்கள் கைப்பேசியில் படத்தோடு வந்துவிடுகின்றன. அந்தக் கோபுரத்திலும் வானொலிகளைவிடத் தொலைபேசிக் கம்பனிகளின் அலைவாங்கிகளே அதிகம். ஓய்வு பெற்ற அண்ணை கோப்பாயில் இருக்கிறார். இதை எழுதுவதற்காக என் பழைய நாட்குறிப்பில் அந்தத் தேர் நாளைத் தேடினேன். விடியற்காலைத் தூறல், அறிவிப்பாளரின் தொண்டைக்கட்டு, வாசித்த மூன்று மரண அறிவித்தல்கள், எல்லாம் இருந்தன. வலுவைக் கூட்டியது இல்லை.

தொலைபேசியில் அண்ணையிடம் அந்த நேரத்தைக் கேட்டேன்.

“ஆறு முப்பத்தைஞ்சு. ஏன், எழுதப்போறீரோ?”

“ஓம் அண்ணை.”

“அப்ப கூட்டச் சொன்ன ஆளின்ரை பேரையும் போடும். அதை நான் எழுத ஏலாது. நீர்தான் எழுதவேணும்.”

கூட்டச் சொன்னது நான்தான் என்று எழுதிவிட்டேன். அது உள்ள பக்கத்தைப் பிரதி எடுத்து, இன்று காலை தொழில்நுட்பவியலாளரின் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.