தம்பி பாதி தேய்த்து வைத்த சிவப்புக் கார்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் தம்பியின் அக்காள் வணக்கம் சொல்லி எழுதுவது. நான் எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். பிழை திருத்தியது தம்பி மகள். மலரில் தம்பியை ‘அவர்’ என்றுதான் போட வேண்டுமாம். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையை அப்படி எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நாலு பேர் தேடி வந்து மரியாதை செய்த மனிதர். அதனால் அவர் என்றே எழுதுகிறேன்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது என்கிறார்கள். எனக்கு இன்னும் பிடிபடவில்லை. காலையில் இரண்டாவது தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர், வெயில் ஏறுவதற்குள் இல்லை என்றால் அதை எப்படி நம்புவது.

தம்பி பிறந்தது திருவெள்ளறைப் பக்கம், எங்கள் வயல்காட்டு வீட்டில். கிணறு வற்றி வெள்ளாமை கைவிட்டதும் அரியமங்கலத்தில் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் சேர்ந்தார். மீசை முளைத்த வயசில் போனவர், தலை நரைக்கிற வரை அங்கேதான் இருந்தார். கல்யாணம், ஒரே மகள், ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு, எல்லாம் அந்தச் சம்பாத்தியத்தில்தான். என் வீட்டுக்காரர் போன பிறகு என்னையும் கூட்டி வந்து வைத்துக்கொண்டார். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. தம்பி மனைவியும் அப்படித்தான்.

பட்டறை முதலாளி இடத்தை விற்றுவிட்டுப் பிள்ளையோடு போய்விட்டார். ஐம்பது வயசு தாண்டிய ஆளுக்கு யார் வேலை கொடுப்பார்கள். கொஞ்ச நாள் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். பிறகு ஒரு நாள், திருவானைக்கோவில் போகிற வழியில் ஒரு ஷெட் பிடித்திருப்பதாகச் சொன்னார்.

“என்ன கடை தம்பி?” என்றேன்.

“கார் டீட்டெய்லிங், அக்கா.”

“கார் கழுவுறதா?”

“கழுவுறது பத்து நிமிஷ வேலை. இது உள்ள வெளிய அழுக்கெடுத்து, கீறல் எடுத்து, பாலிஷ் போட்டு, புதுசா வாங்கினப்ப இருந்த நெறத்தைக் கொண்டாறது. தீபாவளிக்கு நீங்க எனக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி விடுவீங்கள்ல, அந்த மாதிரி வச்சுக்குங்க.”

“நீ ஓடி ஓடி ஒளிவியே.”

“கார் ஓடாது. சாவி நம்மகிட்ட இருக்கும்ல.”

எங்கள் குடும்பத்தில் சொந்தமாகப் பெயர்ப்பலகை மாட்டிய முதல் ஆள் தம்பிதான். ஆனால் பலகையைப் பார்த்து யாரும் வரவில்லை. வாசலில் பைப்பில் அடித்தால் போகிற அழுக்குக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குத் தம்பி ஒரு வேலை செய்தார். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு நீலக் காரின் பானெட்டை வாங்கி வந்தார். நடுவில் நேராக டேப் ஒட்டி, ஒரு பாதியை மட்டும் தேய்த்துப் பாலிஷ் போட்டு, டேப்பை உரித்துவிட்டு ஷெட் வாசலில் மாட்டினார். ஒரு பாதி சாம்பல் பூத்துக் கிடந்தது. மறு பாதியில் ரோட்டில் போகிற பஸ் தெரிந்தது.

கோவிலுக்குப் போகிறவர்கள் அதில் முகம் பார்க்க ஆரம்பித்தார்கள். பெண்கள் பூவைச் சரி செய்வார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், கோவில் வீதியில் இருப்பவர், தினமும் நின்று நெற்றியில் திருமண் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்.

“ஏன் ஓய், உம்ம பானெட்டுல என் திருமண் கோணலாத் தெரியறதே?”

“திருமண் நேராத்தான் இருக்கு சாமி. பானெட்டுதான் வளைஞ்சது.”

அப்படிப் பழகித்தான் ஒவ்வொருவராக வந்தார்கள். வருகிற காரிலும் முதலில் நடுவில் டேப் ஒட்டி, பாதிப் பானெட்டை மட்டும் முடிப்பார். தம்பி மகள் அதைப் போனில் படம் எடுத்து இன்ஸ்டாவில் போடுவாள். அப்பாவிடம் பாலிஷ் மெஷின் பிடிக்கவும் கற்றுக்கொண்டாள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் வெயிலில் காய்ந்து கறை பிடித்திருக்கும். அதைத் துடைக்கும் முன் தம்பி கும்பிட்டுவிட்டுத்தான் கை வைப்பார். வேலை முடிந்ததும் தலையைச் சாய்த்து, கன்னம் பானெட்டில் படுகிற மாதிரி குனிந்து, வெளிச்சம் தடங்கல் இல்லாமல் ஓடுகிறதா என்று பார்ப்பார். அந்தச் சாய்வுதான் என் கண்ணில் நிற்கிறது.

இரண்டாவது தோசை கேட்டு வாங்கிய அன்றைக்கு ஷெட்டில் வாத்தியாரின் கார் நின்றது. சிவப்புக் கார், வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தது. நான் காபி கொண்டு போனபோது பாதிப் பானெட் முடிந்திருந்தது.

“அக்கா, வந்து பாருங்க, நெறம் எப்படி எந்திரிச்சு வந்திருக்குன்னு,” என்றார். மகளைக் கூப்பிட்டு, “போனை எடுத்துட்டு வாம்மா, வெயில் சரியா விழுது,” என்றார்.

அவள் உள்ளே போனாள். தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து, காரின் பக்கமாகத் தலையைச் சாய்த்தார். வெளிச்சம் பார்க்கிறார் என்று நானும் காபியை ஆற்றிக்கொண்டு நின்றேன். அவர் நிமிரவில்லை. ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள், வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். என் கையில் இருந்த டம்ளரை யார் வாங்கினார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

காரியம் முடிகிற வரை தொழிலில் கை வைப்பது எங்களில் வழக்கம் இல்லை. கார் டேப்போடு அப்படியே நின்றது. வாத்தியார் துக்கத்துக்கு வந்தவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தப்பா நினைச்சுக்காதீங்கோ. ஆத்துக்காரிக்குக் கண் ஆபரேஷன் ஆயிருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாகணும். வண்டி எப்படி இருக்கோ அப்படியே எடுத்துண்டு போறேன்.”

“சாவு நடந்த இடத்துல நின்ன வண்டிங்க,” என்றாள் தம்பி மனைவி.

“வண்டிக்கு என்னம்மா தீட்டு,” என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. தம்பியின் மச்சான் எங்கள் நல்லதுக்குத்தான் பேசினார். “செத்த எடத்துல எவன் அக்கா வண்டியைக் கொண்டாந்து விடுவான்? மெஷினையெல்லாம் வித்துத் தள்ளிடுவோம். பாப்பாவை நல்ல எடமாப் பாத்து அனுப்பிடுவோம்.”

“அனுப்புறதுக்கு நான் என்ன பார்சலா மாமா?” என்றாள் பிள்ளை. ஆனால் குரல் இறங்கித்தான் இருந்தது. அந்த ஷெட்டை விட்டால் தாய்க்கும் மகளுக்கும் வேறு பிழைப்பு இல்லை.

மறுநாள் மெஷின் வாங்க ஒருவர் வருவதாக ஏற்பாடு. அவருக்கு முன்னால் வாத்தியாரின் கார் வந்து நின்றது. பானெட்டில் ஒரு பாதி குங்குமச் சிவப்பு, ஒரு பாதி ரோஸ். டேப் ஓரம் கிழிந்து தொங்கியது.

“போற இடமெல்லாம் நிறுத்திக் கேக்கறா,” என்றார். “ஆஸ்பத்திரி வாட்ச்மேன் கேக்கறான், கோவில் வாசல்ல பூக்காரி கேக்கறா. இந்தப் பாதியைச் செஞ்சவர் யாருன்னு சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு போச்சு. ரெண்டு பேர் பின்னாலயே வந்துண்டிருக்கா. மீதியை யாராவது முடிச்சுக் குடுங்கோ.”

சொன்னபடி இரண்டு கார்கள் வந்து ஓரம் கட்டின. பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தாள். தம்பி மனைவி உள்ளே போய், ஆணியில் மாட்டியிருந்த மெஷினை எடுத்து வந்து மகள் கையில் கொடுத்தாள்.

பிள்ளை டேப்பைப் புதிதாக ஒட்டி, ரோஸ் பாதியைத் தேய்த்தாள். முடிந்ததும் மெஷினை அணைத்துவிட்டு, தலையைச் சாய்த்து, கன்னம் பானெட்டில் படுகிற மாதிரி குனிந்தாள். எனக்கு உயிரே இல்லை. ஓடிப் போய்த் தோளைப் பிடித்து இழுத்தேன்.

“ஒண்ணுமில்ல அத்தை. வெளிச்சம் பாக்கறேன்.”

டேப்பை உரித்தாள். கோடு இல்லை. நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது.

“அப்பா செஞ்சது எந்தப் பக்கம்மா?”

அவள் கையால் தடவிப் பார்த்தாள். “டிரைவர் பக்கம்னு தெரியும் அத்தை. தெரியாட்டி எனக்கே சொல்ல வராது.”

அன்றைக்கு மெஷின் வாங்க வந்தவர் காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஆம்புலன்ஸில் தம்பியைத் தூக்கி ஏற்றிய பக்கத்துக் கடைக்காரர்களுக்கும், துக்க வீட்டில் உலை வைக்க விடாமல் சோறு கொண்டு வந்த தெருக்காரர்களுக்கும், பாதிக் காரை வெட்கப்படாமல் ஊரெல்லாம் ஓட்டிய வாத்தியாருக்கும், இப்போது தன் வண்டியையும் இங்கேயே விடுகிற மச்சானுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஷெட் திறந்திருக்கிறது. வாசலில் நீலப் பானெட் அப்படியே மாட்டியிருக்கிறது. அதில் பளபளப்பாக இருக்கிற பாதி தம்பி செய்தது. அதில் யாரும் மெஷின் வைப்பதில்லை, நான் துணியால் துடைப்பதோடு சரி. அந்தப் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் நின்று முகம் பார்த்துவிட்டுப் போங்கள்.