மைதீன் பாய்க்கு வந்த போன்

சாக்பீஸ் தூளும் டீசல் புகையும் கலந்த ஒரு வாசனை... எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தேன். காலை ஆறு மணிக்கே அந்த வாசனை மூக்கில் ஏறிவிடும்.

என் அறை வாசலில் ஒரு கரும்பலகை. டிரைவர்களுக்குத் தெரிய வேண்டியதை அதில் நான்தான் எழுதுவேன். எந்த ஓடையில் தண்ணீர் போகிறது, எங்கே மரம் விழுந்து கிடக்கிறது, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எந்தத் தெரு வழியாக வண்டியைத் திருப்ப வேண்டும்...

அவர்கள் வீட்டிலிருந்து வரும் தகவலும் என் மேஜை போனுக்குத்தான் வரும். வேறு வழி கிடையாது.

மைதீன் பாய் பலகையைப் படிக்க மாட்டார். கடையநல்லூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். திருவேங்கடம் ஊருக்குப் போகிற வண்டியை ஓட்டினார். ஸ்டார்ட் பண்ணிவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னவே, நமக்கு என்ன சேதி?" என்பார். நான் வாயால் சொன்னால் அவருக்குப் போதும்.

அது ஒரு கார்த்திகை மாதம். காலை வண்டி வழியிலேயே ரிப்பேராகி நின்றுவிட்டது. திருவேங்கடம் போக வேண்டிய கூட்டம் முழுக்கப் பன்னிரண்டே முக்கால் வண்டிக்குக் காத்துக் கிடந்தது. கைக்குழந்தையோடு பெண்கள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நோயாளிகள்...

பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. பாயின் மச்சான், கடையநல்லூர் ஆஸ்பத்திரியிலிருந்து.

"உம்மாக்கு ரொம்ப முடியல சார். மைதீனத்தான் கேக்காவ. ஒடனே அனுப்பிவிடுங்க."

அன்று மாற்று டிரைவர் யாரும் இல்லை. அடுத்த ஆள் வருவது நாலு மணிக்கு. மேனேஜரைக் கேட்கலாம் என்று டெப்போவுக்குப் போன் போட்டேன். அவர் திருநெல்வேலி போயிருந்தார்.

சேதியைச் சொன்னால் பாய் இறங்கிவிடுவார், வண்டி நிற்கும். இறங்காமல் அந்த மனசோடு ஓட்டினால், உள்ளே இருப்பவர்கள் கதி? வண்டி எடுக்கப் போகிறவரிடம் கெட்ட சேதி சொல்வதில்லை என்பது எங்களுக்குள் எழுதாத வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுவார், அப்போது சொல்லிக்கொள்ளலாம்...

வண்டி கிளம்பியது. பாய் தலையை நீட்டினார்.

"என்னவே, நமக்கு என்ன சேதி?"

"ஒண்ணும் இல்ல பாய். ரோடு நல்லாருக்கு. போய்ட்டு வாங்க."

இரண்டே முக்காலுக்கு மறுபடியும் போன். பாயின் அம்மா மௌத்தாகிவிட்டார், எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்று மணிக்கு வண்டி திரும்பியது. நானே இறங்கிப் போய்ச் சொன்னேன். பாய் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மொத போன் எப்ப வந்துச்சு?"

இப்போதுதான் வந்தது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"பன்னெண்டரைக்கு..."

"நான் கேட்டேன்லா... ஒண்ணும் இல்லன்னு சொன்னீரே வே."

அவ்வளவுதான். டிரிப் ஷீட்டைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, புளியங்குடி வழியாகப் போகும் வண்டியில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். பன்னிரண்டே முக்காலுக்கே கிளம்பியிருந்தால் இரண்டேகாலுக்குப் போயிருப்பார். உம்மா உயிரோடு இருந்த அந்த அரை மணி நேரத்தை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன்!

டூட்டிக்குத் திரும்பிய பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. மூன்று நான்கு மாதம்... ஜன்னலிலிருந்து தலை நீளாது. இறங்கி வந்து பலகையைத் தானே படித்துவிட்டுப் போவார். நான் முதுகைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

பிறகு ஒரு நாள், அவருடைய வார லீவு அன்று, கைலியும் வெள்ளைச் சட்டையுமாக வந்து என் அறை பெஞ்சில் உட்கார்ந்தார். சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போனார். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் கேட்டுவிட்டேன்.

"பாய்... லீவு அன்னைக்கு இங்கன வந்து உக்காந்திருக்கேளே?"

முகத்தைத் திருப்பாமலே சொன்னார். "எவன் வீட்டுலருந்தாவது போன் வந்தா, வச்சுக்கிட்டு முழிக்காதேயும். வண்டிய நான் எடுக்கேன். அவன அனுப்பிவிடும்."

அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து டிரைவர்கள் தங்கள் லீவு நாளைக் கொடுத்தார்கள். நான் கேட்டபோது ஆள் இல்லை என்று முதலில் கையை விரித்த மேனேஜர், அப்புறம் பகலில் ஒரு மாற்று டிரைவரை ஸ்டாண்டிலேயே இருத்தி வைக்க உத்தரவு போட்டார். ஆனாலும் பாய் வருவதை நிறுத்தவில்லை.

அடுத்த வருஷம் டிரைவர் செல்லத்துரைக்குப் போன் வந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன பையன். பெண்டாட்டிக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. வண்டி வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மறித்தேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவன் கீழே இறங்கக்கூடத் தெரியாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

அதற்குள் பாய் டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். அன்று அவருக்கு லீவு.

"எறங்குலே. நீ போ. நான் பாத்துக்கிடுதேன்."

செல்லத்துரை போய் ரத்தம் கொடுத்தான். பெண்டாட்டி பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை. "அவ கண்ணு முழிச்சப்ப நான் பக்கத்துல இருந்தேன் சார்" என்று பிறகு வந்து அழுதான். பாய் அவன் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

இன்று எல்லாச் சட்டைப் பையிலும் போன் இருக்கிறது. சேதி நேராக டிரைவரிடமே போய்விடுகிறது. நடுவில் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்துகொண்டு, சொல்லவா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியதில்லை. நல்லதுதான். ஓட்டிக்கொண்டே காதில் போனை வைக்கும் டிரைவரைப் பார்த்தால் மட்டும் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவேன்...

செய்தது சரியா, தப்பா? இந்த வயதிலும் தெரியவில்லை. பாய் என்னை மன்னித்தாரா என்று அவர் இருந்தவரை கேட்டதில்லை. அன்று திருவேங்கடம் வண்டியில் போனவர்கள் அத்தனை பேரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதையும் அவரிடம் நான் ஒரு நாளும் சொல்லிக்கொண்டதில்லை.