பார்க்கக் கூடாத ரிப்போர்ட்டும் பச்சை லோரியும்

இன்று ஈப்போ போய் வக்கீலைப் பார்த்தேன். நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காய்கறி லோரி கம்பெனி திவாலாகி மூடியது உங்களுக்குத் தெரியும். அது தொடர்பாக நாளை என்னைக் கோர்ட்டில் விசாரிக்கப் போகிறார்கள்.

"என்ன கேக்கப் போறாங்கன்னு தெரியணும். என்னை விசாரிக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குக் கொடுத்த ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்க சார்" என்றேன்.

"கம்பெனி சொத்தைத் தேடுற அதிகாரி ஜட்ஜுக்கு மட்டும் ரகசியமா கொடுத்தது அது. உங்களுக்குக் காட்ட மாட்டாங்க."

திரும்பி மலையடிவாரத்துத் தாப்பா வந்தால் கடைசி பஸ் போய்விட்டது. மலையேறிக்கொண்டிருந்த ஒரு பச்சை லோரியைக் கைகாட்டி நிறுத்தினேன். ஓட்டி வந்தது எங்கள் பழைய டிரைவர் மணியம்!

"புது லோரியா மணியம்?"

"புதுசு எங்க லா! நம்ம கம்பெனி லோரிதான் கிராணியாரே. மூடறதுக்கு முந்தியே முதலாளி அவர் மச்சான் பேருக்கு மாத்திப் பச்சைப் பெயிண்ட் அடிச்சுட்டாரு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ரிங்லெட் வருவதற்குள் நாளைய கேள்வி எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் மணியத்துக்கு வேலை போகும், மறைத்தால் எனக்கு வம்பு.

யோசனை இருந்தால் கீழே பென்சிலில் எழுதுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மணியம் கேட்டுக்கொண்டதால், இதை நம் எஸ்டேட் கிளப் போர்டில் மட்டும்தான் ஒட்டியிருக்கிறேன்.