கைப்பெட்டிக்குள் அணுகுண்டு

என் மேசையில் தாள்கள் பறக்காமலிருக்க ஒரு கிலோ இரும்பு எடைக்கல் ஒன்று வைத்திருக்கிறேன். அரசு முத்திரை விழாத கல். கடையில் நிறுக்க உதவாது. அதைத் தொடும்போதெல்லாம் செஞ்சிப் பேருந்து நிலையத்தில் என்னோடு வேலை பார்த்த டைம்கீப்பர் நினைவுக்கு வருகிறார்.

1964 அக்டோபர் 16 அன்று சீனா அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. அதன்பின் நிலையத்தில் வேறு பேச்சே இல்லை. ஒரு பஸ்ஸை அனுப்பிவிட்டு அடுத்தது வரும்வரை செய்தித்தாளை உரக்கப் படிப்பது டைம்கீப்பரின் வழக்கம். படித்ததோடு தன் சரக்கையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார். அணுகுண்டைக் கைப்பெட்டியில் அடக்கிவிடலாம், ஆனால் யுரேனியம் இரும்பைவிடக் கனம், பெட்டி சின்னதாக இருந்தாலும் தூக்க முடியாது என்று அவர்தான் சொன்னார். கனம் பற்றியது உண்மை. பெட்டி பற்றியது யாரோ சொல்லிக் கேட்டது.

அந்த ஆண்டு கார்த்திகை அமாவாசை மாலை, மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்களுக்கு நிலையம் கொள்ளாத கூட்டம். டிக்கெட் ஜன்னலுக்குக் கீழே ஒரு சிறிய தோல்பெட்டி கேட்பாரற்றுக் கிடந்தது. நகர்த்தப் போன கண்டக்டர் நிமிர்ந்து, "இன்னா சார் இது? முழம்கூட இல்ல, அசைய மாட்டேங்குது" என்றார். அவ்வளவுதான். டைம்கீப்பரின் பேச்சைக் கேட்டிருந்தவர்கள் பின்வாங்க, கேட்காதவர்கள் அவர்களைப் பார்த்து ஓட, கைக்குழந்தைக்காரிகள் நெரிசலில் சிக்கிக்கொண்டார்கள். போலீஸ்காரர்கள் எல்லாரும் கோயில் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள்.

 அது அணுகுண்டுதான் என்று டைம்கீப்பர் அளவுக்கு நம்பியவர் வேறு யாருமில்லை. அப்படியும் தன் சைக்கிளை உருட்டிவந்து, மூச்சுப் பிடித்துப் பெட்டியைக் கேரியரில் ஏற்றினார். கோட்டை அகழியில் போட்டுவிடுவது அவர் திட்டம். சரியாமலிருக்க நான் பின்னால் பிடித்தேன்.

"நீ போடா. உனக்கு இன்னும் கல்யாணமே ஆவல."

"உங்களுக்கு ஆயி மூணு பொண்ணு இருக்குதே சார்."

அவர் சைக்கிளை இன்னும் வேகமாகத் தள்ளினார். கொஞ்ச தூரம் போனபின், "வூட்ல கேட்டா டூட்டியில இருக்கேன்னு சொல்லு" என்றார்.

திருவண்ணாமலைச் சாலையில் திரும்பும்போது பின்னால் ஒருவர் கூவிக்கொண்டு ஓடிவந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்யும் நயினார். சமணர், பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார். அதனால் பெட்டியை வைத்த கையோடு உறவினர் வீட்டுக்குச் சாப்பிட ஓடியிருக்கிறார்.

"யோவ் டைம்கீப்பரே, என் எடைக்கல்ல எங்கய்யா தள்ளினு போற?"

பெட்டி நிறைய, அரசு முத்திரை போடக் கொண்டுபோய்த் திரும்பிய கிலோ எடைக்கற்கள். டைம்கீப்பர் சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டுச் சாலையோரம் உட்கார்ந்துகொண்டார். விஷயம் தெரிந்ததும் நயினாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எடை குறைவென்று தள்ளப்பட்ட கல் ஒன்றை எடுத்து, "இந்தா, ஒரு கிலோ அணுகுண்டு" என்று டைம்கீப்பரின் மடியில் வைத்தார். மாற்றலாகிப் போன அன்று டைம்கீப்பர் அதை என்னிடம் கொடுத்தார்.

படைவீரன் ஒருவன் முதுகில் சுமக்கக்கூடிய அணுகுண்டு அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் உண்மையாகவே இருந்தது என்று பின்னாளில் படித்தேன். கைப்பெட்டிக் குண்டை மட்டும் இதுவரை யாரும் காட்டியதில்லை. நிஜமாகவே குண்டாக இருந்திருந்தால், அகழிவரை தள்ளிப்போனதால் செஞ்சி பிழைத்திருக்குமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டைம்கீப்பர் அவ்வளவு யோசித்ததாகத் தெரியவில்லை. கூட்டத்தை விட்டு அது விலகிப் போனால் போதுமென்று நினைத்திருக்கிறார்.

இன்று காலை நாளிதழில் கைப்பெட்டி அணுகுண்டு பற்றி மறுபடியும் ஒரு கட்டுரை. வெட்டியெடுத்து, தேதி குறித்து, அடுக்கில் வைத்துக் கல்லை மேலே வைத்தேன். மின்விசிறி சுற்றுகிறது. தாள் அசையவில்லை.