ஸ்பீக்கர் சரியாகிவிட்டது

இன்று காலை திருத்தணியில் இருக்கும் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். முப்பது வருடமாக பவர்லூம் ஓட்டுகிறவர். லேப்டாப் கம்ப்யூட்டரைப் பழைய லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"உள்ள இருக்கிற ஸ்பீக்கர் போச்சுப்பா. துபாய்லேர்ந்து பொண்ணு வீடியோல பேசிகினு இருக்குது, வாய் அசையுது, சத்தமே வர்ல."

திறந்து பார்த்தேன். செருகாத ஹெட்போனுக்குச் சத்தம் போகும்படி செட்டிங் மாறியிருந்தது. ஸ்பீக்கருக்கு மாற்றி, முழு வால்யூமில் ஒரு பாட்டைப் போட்டேன். எதிரே பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

பெரியவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் வர்லியேப்பா."

கடைக்குள் வந்ததிலிருந்து அவர் என் உதட்டைப் பார்த்துத்தான் பேசினார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வந்துகினுதாங்க இருக்கு," என்றேன், அவர் முகத்துக்கு நேராக.

ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார். சற்று நேரம் எடுக்கவே இல்லை.

"ஆங், அதிருது," என்றார். "அப்போ கோளாறு இதுல இல்ல."

நான் பாட்டை நிறுத்தினேன். அவர் லுங்கியை உதறிக் கம்ப்யூட்டரைச் சுற்ற ஆரம்பித்தார்.

"பொண்ணு போன் பண்ணும். ஸ்பீக்கர் ரிப்பேர்னே சொல்லிடு. தெரிஞ்சா வேலைய உட்டுட்டு வந்துடும்."

மதியம் அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"அண்ணா, அப்பா கம்ப்யூட்டர் சரியாச்சா?"

"ஸ்பேர் வரணும்மா."

"எத்தினி நாள் ஆவும்?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நாளைக்கு மறுபடியும் கூப்பிடுவாள். இந்த ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.